ஒருநாட் பிரயாணம்: வவுனியா முதல் இயக்கச்சி வரை

மாரிமழை ஓய்ந்து காலபோக அறுவடை நடந்துகொண்டிருந்த காலம். சென்ற ஆண்டு மாசிப் பூரணைக்கு இரண்டு வாரங்கள் இருக்கையில் வவுனியாவில் எங்கள் இல்லத்திலே ஒரு மாநாடு கூடிற்று. தலைமை வகித்தவர் 74 வயதினரான என் தாயார். பங்குபற்றியோர் என் மனைவி, 15 வயது மூத்த மகள், 11 வயது மகன், 4 வயதுக் கடைக்குட்டி ஆகியோர். விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட பொருள், பூரணை விடுமுறையன்று குடும்பத்தோடு எங்கே போய்வருவது என்பது.

மகன் ஆயத்தமாகவே வந்திருந்தான். கொழும்புக்கு அப்பால் ஹன்வெல்லையிலுள்ள லெஷர் வேர்ல்ட் என்னும் களியாட்டப் பூங்காவின் படங்களை அவனுடைய வகுப்புத் தோழன் ஒருவன் காட்டியிருந்தான். நீரிலே சறுக்குவதும், சுழலுவதும், தலைகீழாகத் தொங்குவதுமான அந்தப் படங்களைக் கண்ட நாளிலிருந்து அவனுக்கு உறக்கமில்லை.

“தம்பி, கொழும்பே இஞ்சையிருந்து 250 கிலோமீற்றர். அப்பாச்சியையும் சின்னனையும் கொண்டு ஒரு நாளிலை போய்வர ஏலுமே?” என்று என் மனைவி கேட்டாள்.

தூரம் மாத்திரமன்று தடை. அதற்கும் இரண்டாண்டுகளுக்கு முன்னர் தெற்கே அத்தகைய பூங்கா ஒன்றுக்கு நாங்கள் போய் வந்த கதை எனக்கு மறக்கவில்லை. ஒவ்வொரு விளையாட்டுப் பொறியின் வாயிலிலும் ஓர் அளவுகோல் நாட்டப்பட்டிருந்தது. அவ்வளவுக்கு உயராத பிள்ளை உள்ளே போதல் கூடாது. மகன் மிக ஆசைப்பட்ட பொறிக்கு அவன் ஓர் அங்குலம் குறைந்தான். நுனிக்காலில் நின்று பார்த்தான்; காவலாளி குதிக்காலைத் தட்டினார். அழுகை பொங்கிற்று. மூத்தவள் அளவுக்கு மேல் உயர்ந்திருந்தாள்; ஆனால் கூடப்போக ஒருவரும் இல்லாமையால் அவளும் போகவில்லை. அப்போது இரண்டு வயதாயிருந்த சின்னவள் பொம்மை வேடமிட்டு வந்த ஒருவரைக் கண்டு வீரிட்டுக் கத்தினாள். நானோ அன்று பகல் முழுவதும் ஐந்து சோடிச் செருப்புகளுக்கும் மூன்று துவாய்களுக்கும் காவலிருந்தேன். பூங்காவைக் குறை கூற முடியாது. பொறியின் தடுப்புச் சட்டங்கள் உடலின் அளவுக்கே பொருந்துமன்றி வயதுக்குப் பொருந்தமாட்டா. அளவுகோலை மதியாத இடத்துக்குத்தான் பிள்ளைகளைக் கொண்டுபோகப் பயப்பட வேண்டும். பிழை என்னுடையது. மூன்று வயதுப் பிள்ளைகளை ஒரே வயதினர் போல எண்ணி அழைத்துச் சென்றவன் நானே.

வேடிக்கை என்னவெனில், இத்தகைய பூங்காக்களுள் ஒன்று இவ்விதமான ஒரு தகப்பனின் சலிப்பிலே பிறந்தது. அமெரிக்கச் சித்திரப்படக்காரரான வால்ட் டிஸ்னி, தம் இரு பெண்மக்களும் குதிரை இராட்டினத்திற் சுற்றிக்கொண்டிருக்க, தாம் ஒரு வாங்கிலே சும்மா அமர்ந்திருந்த வேளையில், பெற்றோரும் பிள்ளைகளும் ஒருங்கே களிக்கத்தக்க இடம் ஒன்று இருந்தாலென்ன என்று எண்ணினாராம். 1955ஆம் ஆண்டு ஆடி மாதம் 17ஆம் நாள் கலிபோர்னியாவிலே டிஸ்னிலாந்து திறக்கப்பட்டது. அதன் பின்னர் உலகெங்கும் இப்பூங்காக்கள் பெருகின. வாங்கிலே அமரும் தகப்பன்மாரின் தொகை குறைந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

என் மனைவி தன் இளமையிற் சில ஆண்டுகளை அகதியாகச் சென்னையிற் கழித்தவள். கிழக்குக் கடற்கரைச் சாலையிலுள்ள வி.ஜி.பி. பூங்காவைப் பற்றி அவளிடம் இன்றும் ஒரு கதை உண்டு. அங்கே வாயிலில் சிலைபோல அசையாமல் நிற்கும் மனிதர் ஒருவர் இருந்தார். அவரைச் சிரிக்கவைக்க எல்லாப் பிள்ளைகளும் முயலுவார்களாம். “மற்ற விளையாட்டுகள் ஒன்றும் ஞாபகமில்லை. அந்த மனிசனுக்குக் கால் நோகாதோ எண்டு அம்மாவைக் கேட்டது மட்டும் ஞாபகம்,” என்றாள். பிள்ளைகள் எதைக் கைக்கொண்டு வீடு திரும்புவார்கள் என்பது நுழைவுச்சீட்டு வாங்குபவனுக்குத் தெரிவதில்லை.

ஆகவே இம்முறை வேறொரு விதமாகத் திட்டமிட்டோம். வன்னியைவிட்டுப் போவதில்லை. ஒவ்வொருவருக்கும் அன்றைய நாளில் ஓர் இடம் உரிமை. அந்த இடத்தில் அவர் சொல்வதே சட்டம். மகன் நீச்சற் குளம் வேண்டும் என்றான். கிளிநொச்சி மாவட்டத்து இயக்கச்சியிலே இயற்கை விவசாயப் பண்ணையும் உல்லாசத் தலமுமாக அமைந்துள்ள றீச்சா பண்ணையில் அது உண்டென அவனே கண்டுபிடித்தான். சின்னவள் ஆடு பார்க்க வேண்டும் என்றாள். அதுவும் அங்கேயே ஆகும். அம்மா முறிகண்டிப் பிள்ளையாரைக் கேட்டார். மனைவி, தான் அன்று சமைப்பதில்லை என்ற ஒன்றையே கேட்டாள். பின்னர் அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து புளிச்சோறு கட்டியவளும் அவளே. எனக்கு இரணைமடுக் குளம்.

மூத்தவள் மாத்திரம் ஒன்றும் கேட்கவில்லை. “நான் வரேல்லை. பரீட்சை இருக்கு,” என்றாள். சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் பிள்ளையிடம் அதற்கு மேல் வாதாடுதல் ஓர் ஆசிரியனுக்கு அழகன்று. ஆனால் பூரணையன்று ரியூசன் வகுப்பு இல்லை என்பதை அவள் தம்பி வெளியிட்டுவிட்டான். அம்மா தம் பேத்தியைப் பார்த்து, “நீ வராட்டி நானும் வரேல்லைப் பிள்ளை,” என்றார். அவ்வளவில் மாநாடு முடிவுற்றது.

காலை ஐந்தரை மணிக்கு வானில் ஏறினோம். வவுனியாவிலிருந்து இயக்கச்சி ஏறத்தாழ 100 கிலோமீற்றர். புகையிரதத்திற் போகலாம் என்பது மகனின் கட்சி. 1990ஆம் ஆண்டிலே நின்றுபோன வடபகுதிப் புகையிரத சேவை 2013ஆம் ஆண்டு கிளிநொச்சிக்கும், 2014ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்துக்கும் மீண்டது. பிள்ளைகளுக்கு அதைவிடச் சிறந்த விளையாட்டுப் பொறி வேறில்லை என்பது உண்மையே. ஆயினும் நினைத்த இடத்தில் நிற்க வேண்டிய பிரயாணத்துக்கும், நினையாத இடத்தில் நிறுத்தச் சொல்லும் நாலு வயதுப் பிள்ளைக்கும் வான்தான் ஏற்றது. ஓமந்தையில் ஒரு முறையும் புளியங்குளத்தில் ஒரு முறையும் அவள் பொருட்டு நின்றோம்.

ஏ-9 என்று வழங்கும் கண்டி யாழ்ப்பாண வீதியில் அதிகாலையிற் செல்வது இன்பமான அனுபவம். கனகராயன்குளம் கடக்கையில் இருமருங்கும் காட்டின் மேல் பனி படிந்திருந்தது. மாங்குளம் தாண்டிக் காடு சிறிது விலக, முறிகண்டி வந்தது. வீதியோரத்திலே சிறிய கோயில். ஆயினும் இந்த வழியே செல்லும் வாகனம் எதுவும், பேருந்தாயினும் பாரவண்டியாயினும், இங்கு நில்லாமற் போவதில்லை. தேங்காய் உடைத்து, கற்பூரம் கொளுத்தி, திருநீறு தரித்துக்கொண்டு, கோயிலுக்கு எதிரே வரிசையாயுள்ள கடைகளிற் கச்சான் வாங்குவது வழக்கம். வறுத்த கச்சானின் வாசனைதான் முறிகண்டியின் முதல் அறிமுகம் என்று சொன்னால் பிள்ளையார் கோபிக்கமாட்டார். சின்னவள் தேங்காய் உடைவதைக் கண்டு கைகொட்டினாள். இது அப்பாச்சியின் இடமாகையால் எவ்வளவு நேரம் நிற்பதென்று அவரே தீர்மானித்தார். அரை மணி நேரம் நின்றோம்.

இங்கே ஒன்று கூற வேண்டும். போர் முடிந்த பின் அம்மா முறிகண்டிவரை பல முறை வந்திருக்கிறார். அதற்கு அப்பால், தாம் மணமகளாக வந்து முப்பதாண்டுகளுக்கு மேல் வாழ்ந்த கிளிநொச்சிக்கு, ஒரு முறையேனும் வர இசைந்ததில்லை. ஏன் என்று நாங்கள் கேட்டதுமில்லை. இரணைமடுவை நான் என் இடமாகக் கேட்டபோது அவர் மறுப்பாரென்றே எதிர்பார்த்தேன். மறுக்கவில்லை.

முறிகண்டிக்கும் கிளிநொச்சிக்கும் இடையே கிழக்கு நோக்கித் திரும்பினால் குளம். வான்கதவுகளின் பக்கமாக நின்று பார்த்தபோது, கடலோ என்று ஐயுறும்படி நீர் விரிந்து கிடந்தது. “இரணை” என்றால் இரட்டை. “மடு” என்றால் ஆழமான நீர்நிலை. இரு மடுக்களை ஒன்றாக்கி எழுந்த குளமாதலின் இப்பெயர். எங்கள் வவுனியா மாவட்டத்திலே பிறந்து வடக்கே வரும் கனகராயன் ஆற்றை மறித்து, பிரித்தானியர் ஆட்சிக் காலத்தில், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேலை தொடங்கி, 1920களின் தொடக்கத்தில் முடித்தார்கள். அதன் பின்னர்ப் பல முறை அணைக்கட்டு உயர்த்தப்பட்டது. கடைசியாகப் புனரமைக்கப்பட்டு 2018ஆம் ஆண்டு மார்கழியில் திறந்துவைக்கப்பட்டது; அதே மாதத்தில் வந்த பெருமழை, புதிய கட்டு எவ்வளவு தாங்கும் என்பதை உடனே பரீட்சித்தும் பார்த்தது. 1936ஆம் ஆண்டில் குடியேற்றத் திட்டமாகக் கிளிநொச்சி உருவானது இந்த நீரை நம்பியே. குளம் முன்னே, ஊர் பின்னே.

“மார்கழியிலை இந்தக் குளம் வான் பாஞ்சதாம்,” என்று மகன் தங்கைக்கு விளக்கினான். சின்னவள் திரும்பி, நாங்கள் வந்திறங்கிய வானை நெடுநேரம் பார்த்தாள். “அது பாயுமா?” என்றாள். அன்று முழுவதும் அந்த வானுக்கு அருகே போக அவள் அஞ்சியதும், ஒவ்வொரு முறையும் அதைத் தட்டிக்கொடுத்துவிட்டு ஏறியதும் வேறு கதை.

மகனுக்குக் கதவுகள் எவ்விதம் திறக்கும் என்பதில் ஆசை. சின்னவளுக்குக் கல்லெறிவதில் ஆசை. பத்து நிமிடத்தில் இருவருக்கும் குளம் சலித்துவிட்டது. மனைவி அவர்களை நிழலுக்கு அழைத்துச் சென்று புளிச்சோற்றுப் பொதியைப் பிரித்தாள். நான் திரும்பிப் பார்த்தபோது அம்மா குளக்கட்டிலே வடக்கு நோக்கி, வயல்களைப் பார்த்தபடி நின்றார். அருகிலே மூத்தவள். அவளுடைய கையில் எப்போதும் இருக்கும் கைத்தொலைபேசி இல்லை. இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் கிட்டப் போகவில்லை.

என்ன பேசினார்கள் என்பது பின்னர் மகள் வாயிலாகவே எனக்குத் தெரிந்தது. 1970களிலே, வெளிநாட்டிலிருந்து மிளகாயும் வெங்காயமும் வராதபடி அரசாங்கம் இறக்குமதியைக் கட்டுப்படுத்திய காலத்தில், இங்கே மிளகாய் செய்தவர்கள் கல்வீடு கட்டினார்கள். எங்கள் வீடும் அப்படி எழுந்ததே. அந்த வீட்டின் முற்றத்திலே செத்தல் மிளகாய் சிவப்புக் கம்பளம்போலக் காய்ந்ததை அம்மா சொன்னாராம். 2008ஆம் ஆண்டின் பிற்பகுதியில் வீட்டைவிட்டு வெளிக்கிட்டபோது மாடுகளை அவிழ்த்துவிட்டதையும் சொன்னாராம். இதை எனக்கு அவர் சொன்னதில்லை. நான் அன்று சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தேன். மாடுகளை யார் அவிழ்த்தார் என்று இன்றுவரை நினைத்துப் பார்த்ததுமில்லை.

கிளிநொச்சி நகரையும் பரந்தனையும் நிற்காமற் கடந்தோம். ஆனையிறவிலே காற்று மாறிற்று, உப்பின் மணம். இருபுறமும் ஆழமற்ற கடல்நீரேரி. யானைகளை வன்னியிலிருந்து யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு இந்த ஆழமற்ற நீரின் வழியே ஓட்டிச் சென்று, அங்கிருந்து கப்பலேற்றி விற்றார்கள் என்பதாலேயே இப்பெயர். ஒல்லாந்தர் இங்கே கோட்டை வைத்திருந்தனர். போர்க்காலத்தில் நின்றுபோன உப்பு விளைச்சல் இப்போது மீண்டிருக்கிறது. இரணைமடுவில் நாங்கள் கண்ட கனகராயன் ஆறு, மிஞ்சிய நீருடன் கிழக்கே சுண்டிக்குளம் நீரேரியில் வந்து முடிகிறது. 2015ஆம் ஆண்டு தேசிய பூங்காவாக்கப்பட்ட அந்தச் சுண்டிக்குளத்துக்குப் பூநாரைகள் வருகின்றன. “வவுனியாவிலை எங்களோடை வெளிக்கிட்ட தண்ணி இஞ்சை வந்திட்டுது,” என்று மகனிடம் சொன்னேன். “எங்களுக்கு முந்தியா, பிந்தியா?” என்று கேட்டான். ஆற்றுக்கு முறிகண்டியில் அரை மணி நேரம் நிற்க வேண்டியதில்லை.

ஆனையிறவு தாண்டியவுடன் இயக்கச்சி. பூமியமைப்பின்படி குடாநாட்டைச் சேர்ந்த இடம். நிர்வாகத்தின்படி கிளிநொச்சி மாவட்டம். பனைகளும் மணலுமாக நிலத்தின் முகமே மாறிவிடுகிறது. வண்டி நிற்குமுன் பிள்ளைகளுக்கு ஒரு கட்டளை இட்டேன். பாதையைவிட்டுப் பற்றைக்குள் இறங்குதல் கூடாது. தெரியாத பொருள் எதையும் தொடுதல் கூடாது. சற்று வடக்கே முகமாலையில் கண்ணிவெடி அகற்றும் பணி, போர் முடிந்து பதினைந்து ஆண்டுகளுக்குப் பின்னரும் நடந்துகொண்டிருந்தது. பண்ணைக்குள்ளே அச்சமில்லை. ஆயினும் இந்தக் கட்டளை வன்னிப் பிள்ளைகளுக்கு எந்த இடத்திலும் பொது. மகன் ஏன் என்றான். சின்னவள் ஏன் என்று கேட்கவில்லை. “பாம்பு,” என்று தானே விடையும் சொல்லிக்கொண்டாள். அவளுடைய வயதுக்கு அந்த விடை போதுமென விட்டுவிட்டேன். மகனுக்கு உண்மையைச் சொன்னேன். அவன் முகத்தில் அச்சத்தைவிட ஆவல் மிகுந்திருந்தது எனக்குப் பிடிக்கவில்லை. ஆகவே இன்னொரு முறை கடுமையாகச் சொன்னேன்.

பண்ணை வாயிலை அடைந்த அதே கணத்தில் சின்னவள் உறங்கிப்போனாள்! ஆடு பார்ப்பதற்கென்றே வந்த பிள்ளை. திட்டமிடுவோர்க்கு நான் அனுபவத்திற் கண்டதைச் சொல்கிறேன்: நாலு வயதுப் பிள்ளைக்குப் பகல் பதினொரு மணிக்குப் பின் நிகழ்ச்சி எதையும் வைத்தல் ஆகாது. ஒரு மணி நேரம் என் தோளிற் கிடந்தாள். மகன் நீச்சற் குளத்துக்கு ஓடினான். ஆழம் எவ்வளவென்று முதலில் பார்த்து, அவனுடைய நெஞ்சளவுக்கு மேற்போகாத பகுதியிலே எல்லை காட்டி, மனைவி கரையில் அமர்ந்தாள். பணியாளர் இருந்தாலும் கண்ணெடாமற் பார்க்க வீட்டார் ஒருவர் வேண்டும். கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு காவலிருப்பவர் காவலிருப்பவர் அல்லர்.

குளத்தருகே வீசிய குளோரீன் வாசனை மூத்தவளுக்கு இரசாயனப் பாடத்தை நினைவூட்டிற்று. ஆனையிறவு உப்பைக் கொண்டு பரந்தனிலே 1950களில் ஓர் இரசாயனத் தொழிற்சாலை எழுந்ததையும், உப்புக் கரைசலூடாக மின்சாரத்தைச் செலுத்திக் குளோரீனும் கோஸ்ரிக் சோடாவும் அங்கே செய்ததையும், போரிலே அது அழிந்ததையும் சொன்னேன். “எங்கட புத்தகத்திலை இருக்கிற அதே மின்பகுப்பு, பரந்தனிலையா?” என்றாள். பரீட்சைக்குப் படிக்க வேண்டுமென்று வர மறுத்த பிள்ளை, வந்த இடத்திற் படித்தாள் என்று எழுத ஆசைதான். ஆனால் அடுத்த கணமே தம்பியோடு நீரில் இறங்கிவிட்டாள். அளவுகோல் இல்லாத குளத்திலே பதினைந்தும் பதினொன்றும் ஒன்றன்மேலொன்று நீரை வாரி இறைத்ததை நான் தோளிற் பிள்ளையோடு பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா அவ்விடத்தில் இல்லை. தேடிச் சென்றபோது மரக்கறிப் பாத்திகளின் ஓரத்தில் நின்றார். ஒரு மிளகாய்ச் செடியின் இலையைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். “இலை சுருளேல்லை. நல்லாப் பாக்கினம்,” என்றார். அதைவிட உயர்ந்த நற்சாட்சிப் பத்திரம் அந்தப் பண்ணைக்கு வேறு கிடைத்திருக்குமோ அறியேன். சின்னவள் விழித்தாள். ஆட்டைக் கண்டாள். ஆடு அவளைப் பாராமல் இலை தின்றது. அதுவே அவளுக்குப் போதுமாயிற்று. பின்னர் ஊஞ்சலில் அப்பாச்சியையும் இருத்தவேண்டும் என்று அடம்பிடித்தாள். அம்மா சேலைத் தலைப்பை இடுப்பிற் செருகிக்கொண்டு அமர்ந்தார். பேரன் மெல்ல ஆட்டினான்.

வெயில் சாய்ந்த பின் புறப்பட்டோம். சின்னவள் மீண்டும் உறங்கினாள். பரந்தன் சந்தியை அணுகுகையில் மூத்தவள் முன்னே சாய்ந்து, “அப்பா, முல்லைத்தீவு றோட் இதுதானே? கொஞ்சம் நிப்பாட்டச் சொல்லுங்கோ,” என்றாள்.

நிறுத்தினோம். அந்த வழியே தர்மபுரத்துக்கும் அப்பால் விசுவமடுவுக்கும் கிழக்குக் கரைக்கும் நாங்கள் போனது அவளுக்கு ஏட்டளவிலே தெரியும். 2009ஆம் ஆண்டின் இறுதியில், செட்டிகுளத்து முகாமில் நாங்கள் இருந்த காலத்திற் பிறந்தவள் அவள். மகன் விழித்திருந்தான். அவன் முன்னிலையில் எதைச் சொல்வது, எதை விடுவது என்று நான் தயங்கினேன். பின்னாசனத்திலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

“உங்கட அப்பா சைக்கிளிலை அரிசிச் சாக்கைக் கட்டினவர். நான் ஒரு சீலைத் துண்டிலை மிளகாய் விதை முடிஞ்சு வைச்சிருந்தன். கடைசிவரைக்கும் அது மட்டும்தான் கையிலை நிண்டது.”

“பேந்து?” என்று மகன் கேட்டான்.

“பேந்தென்ன, முகாமிலை கூடாரத்துக்குப் பக்கத்திலை போட்டன். அக்கா பிறக்கேக்கை காய்ச்சுது.”

அவ்வளவே சொன்னார். பதினொரு வயதுக்கு எவ்வளவு, பதினைந்துக்கு எவ்வளவு என்ற அளவுகோல் அவரிடம் இருந்தது. சாரதி ஒன்றும் கேளாமல் வண்டியை எடுத்தார். அவரும் அந்த வயதினரே.

இருள் சூழ முறிகண்டியில் மீண்டும் நின்றோம். இம்முறை இறங்கியவள் மூத்தவள். தன் காசிற் கச்சான் வாங்கி, முதற்சரையை அப்பாச்சியின் மடியில் வைத்தாள். வீடு சேர்ந்தபோது இரவு ஒன்பது மணியாயிற்று. மறுநாட் காலையில் நானும் மகனும் வானைக் கூட்டி உரியவரிடம் ஒப்படைக்கையில், பின்னாசனத்தின் கீழே கச்சான் கோதுகளுக்கிடையில் ஒரு மிளகாய்ப் பழம் கிடந்தது. பண்ணையில் யாரைக் கேட்டு அதைப் பறித்தார் என்று அம்மாவிடம் இன்னும் நான் விசாரிக்கவில்லை. விதை முளைத்து இப்போது எங்கள் கிணற்றடியில் ஆறு கன்றுகள் நிற்கின்றன.